ஓர் இறக்கைக்கு மட்டும் பூசிய ரெசின்

மாம்புரியிலிருந்து கொழும்புக்குப் போகும் போதெல்லாம் விளையாட்டுப் பொருள் கடைகளில் ஒரே கேள்வியைக் கேட்டுவந்தேன்: மரச்சட்டங்களை ஒட்டிச் செய்யும் மாதிரி விமானக் கிட் இருக்கிறதா? அவர்கள் காட்டியவை எல்லாம் தெர்மாகோல் போன்ற ரெஜிபோமில் வார்த்து, பெட்டியைத் திறந்ததுமே பறக்கவிடக்கூடியவை.

"இப்ப ஆர் தங்கச்சி மினக்கெட்டு ஒட்டுறது?" என்றார் ஒரு கடைக்காரர்.

ரெஜிபோம் எனக்கு வேண்டாம். உடைந்த மீன்பெட்டிகளின் வெள்ளை மணிகளை எங்கள் கரையில் அலை நாள்தோறும் ஒதுக்குகிறது. என் பொழுதுபோக்கும் அதில் சேர வேண்டுமா? அதைவிட, ஒரு விமானம் ஏன் பறக்கிறது என்பதை அதன் எலும்புகளை நானே பொருத்தி அறிய விரும்பினேன்.

கடைசியில் அதே கடைக்காரர், இனி இவை வராது என்று சொல்லி, பின்னறையிலிருந்து ஒரேயொரு பால்சா மரக் கிட்டை எடுத்துத் தந்தார். கையால் வீசும் விமானம் அது. தீக்குச்சி பருமனில் சட்டங்கள், மெல்லிய தாள், ஒரு வரைபடம். இரண்டு வாரம் ஒட்டினேன். முடியும் தறுவாயில் வலது இறக்கையில் ஒரு சட்டம் முறிந்தது. அதை ஒட்டி, உலரவைத்துவிட்டுச் சிலாபத்துக்குப் போய்வந்தேன்.

வந்து பார்த்தால் அந்த இறக்கை மினுங்கியது. அக்காவின் கணவர் ஃபைபர் போட் திருத்துபவர்; வெடிப்புகளில் ரெசின் பசை பூசி இறுக்குவது அவர் தொழில்.

"அத்தான், என்ன இது?"

"வெடிச்சுக் கிடந்திச்சு. ரெண்டு தரம் ரெசின் பூசினேன். இனிக் கல்லில அடிச்சாலும் உடையாது."

"மற்ற இறக்கைக்கு?"

"அது நல்லாத்தானே கிடக்கு. உடையாத இடத்துக்கு ஆரும் பூசுவாங்களா?"

போட்டுக்கு அது முற்றிலும் நியாயம். விமானத்தின் மூக்கையும் வாலையும் இரு விரல் நுனிகளில் தாங்கிக் காட்டினேன். வலப்பக்கம் சரிந்து விழுந்தது. ரெசினைக் கழற்ற முடியாது, இன்னொரு கிட்டும் கிடைக்காது. பறக்காமலே முடிந்துவிடுமோ? அத்தானோ குந்தியிருந்து, அதைத் திரும்பத் திரும்பத் தன் விரல்களில் வைத்துப் பார்த்தார்.

"போட் சாய்ஞ்சா மற்றப் பக்கம் பாரம் வைப்போம். இதுக்கும் வைப்பமா?"

"இதுக்குப் பாரமே கூடாது அத்தான்."

"அப்ப காத்து இன்னும் பலமா வேணும். எங்கட கரையில காத்துக்கா பஞ்சம்?"

வலையில் கோக்கும் ஈயக்குண்டு ஒன்றைத் தட்டையாக அடித்து, கத்தியால் நறுக்கி, இடது நுனியில் துணுக்குத் துணுக்காக ஒட்டினோம். விமானம் விரல்களில் மட்டமாக நின்றது.

பின்னேரம் தென்மேற்குச் சோழகக் காற்று கடலிலிருந்து பலமாக வீசியது. "வேலை தேடச் சொன்னா பிளேன் விடுறா! அதுக்கு இவரும் ஆள்!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள். காற்றை எதிர்த்து வீசினேன். விமானம் முதலில் தாழ்ந்தது. பிறகு எதையோ பற்றிக்கொண்டதுபோல் எழுந்து, கரையில் இழுத்துவிட்டிருந்த மூன்று போட்டுகளைத் தாண்டிப்போய்க் கடலில் இறங்கியது.

அத்தான் இடுப்புச் சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி எடுத்துவந்தார். இடது இறக்கையின் தாள் கிழிந்து, சட்டங்கள் கழன்று தொங்கின. ரெசின் பூசியதில் ஒரு கீறல்கூட இல்லை.

"இப்ப சொல்லுங்க, எது நல்லாக் கிடக்கு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று மாலையே வரைபடத்தைத் தரையில் விரித்தோம். புதுச் சட்டங்களுக்காக அத்தான் ஒரு கட்டுத் தென்னை ஈர்க்குடன் வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு மெல்லிசாச் சீவலாம்?"

தெரியாது என்றேன். சீவிப் பார்க்கத் தொடங்கினோம். அத்தான் மறுபடி பூசிவிடாதபடி ரெசின் டின்னை அக்கா எங்கோ ஒளித்துவிட்டிருந்தாள்.