வலிக்கிற இடத்துப் புள்ளி

நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனாலும் எட்டு வயதில் ஒரு டாக்டர் என்னை நம்பி ஒரு வேலையை ஒப்படைத்தார் என்று சொன்னால் எங்கள் வீட்டு மருமகள்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறிப் போன வருஷம் அது. அப்படித் திருத்தணிக்கு வந்து வாடகைக்கு வீடு பிடித்திருந்தவர் அந்த டாக்டர். அவர் வந்த நேரம்தான் என் மாமா முகத்தை உடைத்துக்கொண்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். திருவாலங்காட்டில் கரும்பு இறக்கும்போது, மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டி பின்பாரமாகி, நுகத்தடி எகிறி அவர் வலது கன்னத்தில் அடித்துவிட்டது. பத்து நாளில் வீக்கம் வடிந்தது. ஆனால் கண்ணுக்குக் கீழிருந்து மேலுதடு வரை மரத்துப் போயிருந்தது. கூழ் வாயோரம் வழியும், அவருக்குத் தெரியாது. ஈ உட்கார்ந்தால் நான்தான் விரட்டுவேன்.

டாக்டர் பஞ்சைத் திரித்து நூல் மாதிரி நீட்டிக்கொண்டார்.

"கண்ண மூடிக்கோப்பா. பஞ்சு பட்டா 'ஆங்'னு சொல்லு."

இடது கன்னத்தைத் தொட்டார். "ஆங்." வலது கன்னத்தைத் தொட்டார். சத்தமில்லை. மறுபடி தொட்டார். அப்போதும் இல்லை. பிறகு பஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

"ஆங்," என்றார் மாமா.

"நான் தொடவே இல்லையேப்பா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இதுல கூட இன்னாடா அவசரம் உனுக்கு?"

குண்டூசி முனையை வைத்துப் பார்த்தார். போர்வைக்கு மேல் குத்துகிற மாதிரி இருக்கிறதென்றார் மாமா. கன்னத்து எலும்பு உடைந்து, அங்கே ஓடுகிற நரம்பு நசுங்கியிருக்கிறதாம். உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும், திரும்பாமலும் போகலாம், மரத்த இடம் சுருங்குகிறதா என்று வாராவாரம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மாமாவின் 'ஆங்'கை நம்ப முடியாது என்பதால் என் பக்கம் திரும்பினார்.

"நீ செய்றியா? எப்போ தொடப்போறேன்னு சொல்லக்கூடாது. பஞ்சு பட்டது தெரியாத இடம் எங்க முடியுதோ அங்க மைப்புள்ளி வைக்கணும். பொய் சொல்ல மாட்டியே?"

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பஞ்சும் அம்மாவின் கண்மையும் என் கையில். வெற்றிலை அகலம் இருந்த மரத்த இடம், ஆனி முடிவதற்குள் வாயோரத்தில் நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியது. டாக்டர் என்னைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் மாமாவின் கவலை அந்த நெல்லிக்காயில்தான் இருந்தது.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது மூன்று நாள் கண் திறக்காமல் காய்ச்சலில் கிடந்தேனாம். பிழைத்தால், எனக்குக் கல்யாணமாகும் வரை ஆடிக் கிருத்திகைக்கு வலது கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு மலையேறுவதாக மாமா வேண்டிக்கொண்டார். அந்த வேல் வருஷாவருஷம் இறங்குவது வாயோரத்தில்தான். எனக்காக ஒருவர் கன்னத்தைக் குத்திக்கொள்கிறார் என்று தெருப் பிள்ளைகளிடம் நான் அலட்டிக்கொள்வதுண்டு.

கிருத்திகையன்று காலையில் மாமா என்னைக் கூப்பிட்டார். "வேல் குத்தற எடத்துக்கு நீயே புள்ளி வெச்சிடு புள்ள. நல்லா வலிக்கிற எடமா பார்த்து வை. மரத்த எடத்துல குத்திக்கினா சாமிய ஏமாத்தினதா ஆயிடும். உன் உயிருக்கு வேண்டிக்கினது, வெளையாட்டு இல்ல."

முந்தின வருஷம் வேல் இறங்கும்போது அவர் முகம் போன போக்கை நான் பார்த்திருந்தேன். அதனால் ஒரு விரலால் தாடையோரம் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் நெல்லிக்காயின் நட்டநடுவில் மை வைத்தேன். அழுத்தினது தெரிந்ததால், "ஆங், அங்கதான்," என்றார் மாமா.

அடிவாரக் குளத்தில் முழுகி எழுந்து நின்றார். புள்ளி பார்த்து வேலை இறக்கினார்கள். மாமாவிடம் ஓர் அசைவுகூட இல்லை. "அரோகரா!" என்று கூட்டம் அதிர்ந்தது. பெண்கள் அவர் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். மாமாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. யாரையும் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்தியில் அழுகிறார் என்று நினைத்து நான் சிரித்துக் காட்டினேன்.

மலைமேல் வேலைப் பிடுங்கி விபூதி அப்பிய பிறகு, "வலிச்சுதா மாமா?" என்று கேட்டேன்.

"ஆங்," என்றார். டாக்டர் தொடாதபோது சொன்னாரே, அதே ஆங்.

அந்த வருஷம் முழுக்க நான் ஒரு தும்மல் போட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். கிணற்றுப் பக்கம் போகவிட மாட்டார். எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஆடிக்குப் புள்ளி வைக்க என்னைக் கூப்பிடவில்லை. தாமே கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். டாக்டர் கொடுத்த வேலை போய்விட்டதே என்று நான் சோறு தின்னாமல் முரண்டு பிடித்தேன். குளக்கரையில் வேல் இறங்கியதும், "அய்யோ!" என்று மாமா போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்றவர்கள் பதறிப் போனார்கள். அவரோ ரத்தம் வழிய வழியக் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, வேல் தைத்த கன்னத்தோடு சிரித்தார்.

வலிக்கும்போது சிரிக்கிறாரே, மாமாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் ஓவென்று அழுதேன்.