நாற்பத்தொன்றுக்கு இரண்டு குரல்

போன வாரம் சென்னைக்கு வடக்கே ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என்ன தலைப்பு என்று கேட்காதீர்கள். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் நான் என் பழங்கதையைத்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

வகுப்பு வாசலில், சுவரில் ஒரு சின்ன மெஷின். விரலை வைத்தால் ‘தேங்க் யூ’ என்கிறது. ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்து விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துப்பட்டாவில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். மறுபடி சிவப்பு.

“ஒன்பதரைக்கு லாக் ஆயிடும் சார்,” என்று எனக்கு விளக்கம் சொன்னார், என்னை அழைத்துப் போன பேராசிரியர்.

“ட்ரெய்ன் லேட்டு சார். ஆரம்பாக்கத்துலயே அரை மணி நேரம் போட்டுட்டான்,” என்றாள் அந்தப் பெண்.

“என் கையில ஒண்ணும் இல்லம்மா. உள்ள போய் உக்காரு. ஆனா இன்னிக்கு நீ ஆப்சென்ட்தான்.”

போய் உட்கார்ந்தாள். முதல் வரிசையில், எனக்கு நேர் எதிரே. ஆப்சென்ட்!

எனக்குத் தனபால் ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசி. எங்கள் ரயில் பாதையில் அரசாங்கம் ஒரு கல்லூரியைத் திறந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பாதிச் சுவர் பூசவில்லை. பாதி வகுப்புக்கு ஃபேன் இல்லை. ஆனால் நாங்கள் கட்ட வேண்டிய சம்பளம் சொற்பம், சிலருக்கு அதுவும் தள்ளுபடி. என் அப்பா கவரைப்பேட்டை ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன். “மெட்ராஸ் காலேஜெல்லாம் நமக்குக் கட்டாது, இதுல போய்ச் சேரு” என்று என்னைப் பி.யு.சி.யில் தள்ளிவிட்டார். அந்தக் கல்லூரி மட்டும் இல்லையென்றால் நான் இந்நேரம் பத்தி எழுதிக்கொண்டா இருப்பேன்? சிக்னலுக்கு எண்ணெய் ஊற்றி ரிட்டயர் ஆகியிருப்பேன்.

எங்கள் வகுப்பு ஒரு பாசஞ்சர் ரயில் பெட்டி மாதிரி... யார் வேண்டுமானாலும் ஏறலாம். டெரிலின் சட்டை போட்ட பண்ணையார் மகன் பக்கத்தில், அதே பண்ணையில் நாற்று நட்ட குடும்பத்துப் பையன். அவன் கழுத்தில் சிலுவை. பழவேற்காட்டு முஸ்லிம் ஒருவர். ராணுவத்திலிருந்து திரும்பி வந்து, முப்பது வயதில் படிக்க உட்கார்ந்த ஒருத்தர். நாங்கள் அவரை ‘அண்ணே’ என்போம், லெக்சரர்களும் சில சமயம் வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிடுவார்கள். என் பக்கத்தில் ஆரம்பாக்கம் நாகபூஷணம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

நாற்பத்தொன்றாம் நம்பர் தனபால். பழவேற்காடு ஏரிக்கு அந்தக் கரையில் ஒரு மீனவர் குப்பம். அந்தக் குப்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

அந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ‘பாடு’ என்று முறை உண்டு. இன்றைக்கு இந்த இடம் உன் வீட்டுக்கு, நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு. உன் முறையன்று உன் வீட்டிலிருந்து ஆள் இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் முறை போச்சு, அடுப்பும் போச்சு. தனபாலின் அப்பாவுக்குக் கை விளங்கவில்லை. ஆகவே பாடு வரும் நாளெல்லாம் இவன் விடிய விடிய இறால் பிடித்து, கரையேறி, படகு பிடித்து, பஸ் பிடித்து வர வேண்டும். வந்து சேரும்போது முதல் பீரியட் பாதி ஓடியிருக்கும்.

முதல் பீரியட் இங்கிலீஷ். சார் வந்ததும் முதல் வேலை அட்டெண்டன்ஸ். பதிவேட்டை மூடிவிட்டால் அப்புறம் யாரையும் உள்ளே விடமாட்டார். நூற்றுக்கு எழுபத்தைந்து அட்டெண்டன்ஸ் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. தனபாலுக்கு அது இடிக்க ஆரம்பித்தது.

என்ன செய்வது? நாங்களும் ஒரு பாடு போட்டுக்கொண்டோம்!

அவன் வராத நாளில் நாற்பத்தொன்றைக் கூப்பிட்டால் ஒருத்தன் “பிரசென்ட் சார்” சொல்ல வேண்டும். ஒரே குரல் என்றால் சார் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? ஆகவே முறை வைத்துச் சொன்னோம். திங்கள் பண்ணையார் மகன், செவ்வாய் அண்ணே, புதன் நான்... அந்த வருஷம் எங்களில் பலர் தடுமாறாமல் பேசிய ஒரே இங்கிலீஷ் அந்த இரண்டு வார்த்தைதான். அதை இன்னொருத்தனுக்காகவும் பேசினோம்.

ஒரு புதன்கிழமை. நான் டெஸ்க்குக்கு அடியில் பத்திரிகை வைத்துத் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன். “ஃபார்ட்டி ஒன்” என்று காதில் விழுந்தது. தலையைத் தூக்காமலே “பிரசென்ட் சார்” என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்தும் ஒரு “பிரசென்ட் சார்” வந்தது.

நிஜத் தனபால்! காற்று அதிகம் என்று அன்றைக்கு வலை கட்டவில்லையாம். நேரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். நான் பார்க்கவில்லை.

“நாற்பத்தொன்று ரெண்டு பேரா?” என்றார் சார்.

நாகபூஷணம் என் தொடையைக் கிள்ளி, “கெடுத்தியே நைனா காரியத்த!” என்று பல்லைக் கடித்தான். நான் எழுந்து நின்றேன். பயம்தான். எனக்காக அல்ல. இனி சார் பழைய பக்கங்களைப் புரட்டினால் தனபாலின் பரீட்சை அன்றோடு முடிந்தது.

தனபாலும் எழுந்தான்.

“அவன் மேல தப்பில்ல சார். எனக்கோசரம்தான் சொல்றானுங்கோ.”

“ஏன், நீ எங்க போற?”

“பாட்டுக்குப் போறேன் சார், ஏரில வல கட்ட. ஆனா வராம இல்ல சார். நான் வர்றதுக்குள்ள பேரு கூப்ட்டு முடிச்சிர்றீங்கோ. வெளிய ஜன்னலாண்ட ஒதுங்கி நின்னுகினு பாடம் கேட்டுகினுதான் இருக்கேன்.”

“அப்படியா? நேத்து என்ன நடத்தினேன்?”

“லீவு லெட்டர் எழுதறது நடத்தினீங்கோ சார்.” பிறகு கையைக் கட்டிக்கொண்டு, சந்தை பாஷையும் சாரின் உச்சரிப்பும் கலந்து, முதல் வரியிலிருந்து ஒப்பித்தான். “ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...”

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் ஜன்னல் சமாசாரம் எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. அதைவிட வெட்கம் ஒன்று இருந்தது. அதே ஜன்னல் வழியாகத்தான் எங்களில் ஐந்தாறு பேர், அட்டெண்டன்ஸ் முடிந்து சார் போர்டுப் பக்கம் திரும்பியதும், தனபால் வந்து நிற்பதற்கு முன்பே, டீக்கடைக்குக் குதிப்பது வழக்கம். பேர் கொடுத்தவன் வெளியே குதிக்கிறான், பேர் கொடுக்காதவன் வெளியே நின்று பாடம் கேட்கிறான். என்ன காலேஜ் படிப்பு!

சார் பேனாவை மூடினார். “சிட் டவுன், போத் ஆஃப் யூ” என்றார். பிரின்சிபாலிடம் போவாரா, மாட்டாரா? அன்றைக்கு நாகபூஷணம் என்னோடு ரயிலில் பேசாமலே வந்தான்.

மறுநாள் தனபாலுக்குப் பாடு. சார் வந்தார். பதிவேட்டை மேஜை மேல் வைத்தார். திறக்கவில்லை. நேராகப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். கதவு திறந்தே கிடந்தது. பாதி பீரியடில் தனபால் வாசலில் வந்து தயங்கி நின்றான். தலைமுடியில் உப்பு, வேட்டி ஓரமெல்லாம் சேறு. சார் அவனைப் பார்க்காமலே, உட்கார் என்று கையை மட்டும் அசைத்தார்.

மணியடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பதிவேட்டைத் திறந்து, “நம்பர் ஒன்...” என்று ஆரம்பித்தார்.

அன்று முதல் வருஷம் முடியும்வரை கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் அட்டெண்டன்ஸ். பழைய பக்கங்களை அவர் புரட்டவே இல்லை. எங்கள் டீ போயிற்று. ஒருத்தன் பரீட்சை எழுதுவதற்காக ஐம்பது பேர் முழுப் பாடத்தையும் கேட்க வேண்டியதாயிற்று. எனக்குக் கொஞ்சமாவது இங்கிலீஷ் வந்தது அப்படித்தான்.

தனபால் பாஸ் செய்தான். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோது ஒன்றில் வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? டைம் கீப்பர்! தொழிலாளிகள் வரும் நேரத்தைக் குறிக்கிற உத்தியோகம். “ஷிஃப்ட்டுக்கு லேட்டா வர்றவன இன்னா பண்ணுவ?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“ஊடு எங்கன்னு கேப்பேன்,” என்றான்.

போன வாரக் கூட்டத்துக்கு வருகிறேன். நான் இந்தக் கதையையே சொல்லி முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண்ணும் தட்டினாள். முழுக்கக் கேட்டவள், நடுவில் இரண்டு இடத்தில் குறிப்புக்கூட எடுத்தவள், கணக்கில் ஆப்சென்ட். அன்றைக்கு வகுப்பில் இல்லாத தனபாலுக்குக் குரல் கொடுக்க முறை வைத்து ஆள் இருந்தது. இன்றைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒருத்தர் இல்லை.

வெளியே வரும்போது அந்த மெஷினுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றேன். அவளுக்காக “பிரசென்ட் சார்” என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

அதற்கு விரல் மட்டும்தான் தெரியும்... காது வைக்க மறந்துவிட்டார்கள்.