மேகம் வந்தால் கடை மூடும்

ஜன்னலைத் திறந்து வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பளிச்சென்ற நீலம். "சே, இன்னைக்கும் போச்சு" என்று முனகிக்கொண்டே பல் தேய்க்கப் போகிறார். நல்ல வெயிலைக் கண்டு சலித்துக்கொள்ளும் ஆள் அந்தக் கடலோர ஊரில் அவர் ஒருவர்தான். ஊரார் வைத்த பெயர் 'மூட்டம்'.

பிழைப்பு, பாஸ்போர்ட் போட்டோ. கடைக்குள் ஒரு ஸ்டூல், வெள்ளைத் திரை, சீப்பு தொங்கும் கண்ணாடி. வருகிறவர்களிடம் நாள் முழுக்க ஒரே மந்திரம்: "சிரிக்காதீங்க." யாராவது பல்லைக் காட்டினால் போக்குவரத்துக் காவலர் மாதிரி உள்ளங்கையை உயர்த்துவார். வானம் கறுத்துவிட்டாலோ, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரையும் எழுப்பி அனுப்பிவிட்டு, 'இதோ வருகிறேன்' பலகையை மாட்டிக் கேமராவோடு கடல்பாலத்துக்கு ஓடுவார். அவரால் விமானத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. அவர் ஒரு மேகத்தைக்கூடத் தவறவிட்டதில்லை.

பாலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. துருப்பிடித்த கைப்பிடி, பாசி ஏறிய தூண்கள், கோடியில் எரியாத விளக்கு. தூண்டில்காரர் சுருட்டிக்கொண்டு கிளம்பும்வரை, காதலர்கள் சண்டை போட்டுப் பிரியும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். "ஆள் நின்னா அது வெறும் போட்டோ. யாருமே இல்லாம இருக்கணும், பாக்கிறவன் நெஞ்சு அடைக்கணும்" என்பார்.

பாலத்துக்கு எதிரே அவருடைய தங்கை விடுதி நடத்துகிறாள். கணவனை இழந்தவள். எட்டு அறைகள், எட்டிலும் காற்றுதான் குடியிருந்தது. இந்த சீசனும் இப்படியே போனால் விடுதியைக் கைகழுவிவிட்டு, முகம் கொடுத்துப் பேசாத மாமியார் வீட்டில் போய் ஒண்டவேண்டியதுதான். விளம்பரத்துக்கு ஒரு படம் கேட்டு அண்ணனிடம் வந்தாள். நீல வானமும் பந்து விளையாடும் குழந்தைகளும் போதும் என்றாள். அவர் எடுத்து நீட்டியதோ ஈய நிற வானமும் அநாதையாக நீளும் பாலமும்.

"அண்ணா, இதைப் பார்த்தா தங்க வருவாங்களா, துக்கம் கேக்க வருவாங்களா?"

வேறு எடுத்துத்தரச் சொல்லிக் கெஞ்சினாள். வெயிலில் கேமராவைக் கடைக்கு வெளியே எடுக்கும் வழக்கமில்லை என்றுவிட்டார். கூடப் பிறந்தவளின் கண்ணில் நீர் கோத்தபோதுகூட, அந்த வெளிச்சத்துக்கு அது எவ்வளவு பொருத்தம் என்றுதான் பார்த்தார், பாவி மனிதர். வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே போட்டாள்.

வந்தார்கள். காதல் முறிந்தவர்கள், வேலையை உதறியவர்கள், கதாநாயகியைக் கொல்ல மனம் வராத ஒரு நாவலாசிரியர். இரண்டு நாள் என்று வந்து வாரக்கணக்கில் தங்கினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்கள். வெயில் அடித்தால், படத்தில் இருக்கும் வானம் எங்கே என்று அவளிடம் சண்டைக்கே வந்தார்கள்.

நேற்று அருமையாக மூட்டம் போட்டது. பாலத்தில் ஈ, காக்கை இல்லை. அவர் விரலைப் பொத்தானில் வைத்த நேரம், தங்கை மூச்சிரைக்க ஓடிவந்து படத்தின் நட்டநடுவில் நின்றாள். எல்லா அறையும் நிரம்பிவிட்டதாம். கடைசியாக வந்தவர் மாடிப்படிக்குக் கீழேயாவது இடம் வேண்டும் என்கிறாராம்.

"அழறதுக்கு ரூம் இல்லைன்னு வாசல்லயே உக்காந்து அழறாரு அண்ணா" என்றவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கணவன் போனபிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவருடைய உள்ளங்கை வழக்கம்போல உயர்ந்தது. அவள் நிறுத்தவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். அவளுக்குப் பின்னால் மேகம் பிரிந்து பாலத்தின் மேல் வெயில் இறங்கியது. தூக்கிய கை அந்தரத்தில் அப்படியே நிற்க, அவர் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருதரம்கூட வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை.