நசுங்கிய டப்பா

என் மாமியார் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். மாட்டிறைச்சியை டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையில் காலமெல்லாம் அவருக்கு அதுதான் வேலை. மூடி வருகிற டப்பாவைச் சின்னக் கம்பியால் ஒரு தட்டு தட்டுவார். சத்தம் சரியில்லை என்றால் ஓரமாகத் தள்ளிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. கதவு, குடம், மகன் மண்டை எல்லாமே தட்டு வாங்கும். கல்யாணமான மறுவருஷத்திலிருந்து என் வயிறும் அந்த வரிசையில் சேர்ந்தது. இரண்டு விரலால் தட்டிவிட்டு, "ம்ஹூம், காலி" என்பார். வீட்டில் விருந்தாளி இருந்தாலும் சரி, குழாய் ரிப்பேர்காரர் இருந்தாலும் சரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குறை என்னிடம் இல்லை. அவர் மகனுக்குத்தான் விந்தணு எண்ணிக்கை குறைவு. பரிசோதனையில் தெரிந்து இரண்டு வருஷமாகிறது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, தாங்கமாட்டாங்க" என்று கெஞ்சினார் என் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி உயரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மனுஷன், அம்மா முன்னால் பெட்டிப் பாம்பு. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நானும் வாயை மூடிக்கொண்டு தட்டு வாங்கினேன்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாமியாரும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானும் வரேன். இவளுக்கு என்ன குறைன்னு இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

மாமியாரிடம் மறைத்திருக்கிறோம் என்பது டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்? மாமியாரைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். "நல்லதாப் போச்சு, நீங்களே வந்துட்டீங்க. பையன் வயித்துல இருந்தப்போ என்னம்மா சாப்பிட்டீங்க?"

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது.

"அதை ஏன் கேக்கறீங்க டாக்டர்! எங்க ஃபேக்டரில எவ முழுகாம இருந்தாலும், நசுங்கின டப்பாவெல்லாம் அவளுக்குத்தான். விக்க முடியாதுல்ல. மேஸ்திரியே எடுத்து வெச்சிடுவாரு. எனக்கு ரெண்டு தடவை கலைஞ்சுபோச்சு, மூணாவது இவன். விடுவேனா? மூணு வேளையும் கறிதான். ரெண்டு பேருக்கும் சேத்துச் சாப்பிட்டேன். மிச்சம் வெச்சதே கிடையாது."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "கர்ப்பத்துல மாட்டிறைச்சி நிறைய சாப்பிட்டவங்களோட பையன்களுக்கு விந்தணு குறைவா இருந்ததா ஒரு ஆராய்ச்சி சொல்லுது. உங்க பையனுக்கும் அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இருக்கலாம், அவ்வளவுதான். சிகிச்சை இருக்கு, பாக்கலாம்."

"பையனுக்கா?" என்றார் மாமியார்.

என் கணவர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த நிமிஷத்துக்காக நான் இரண்டு வருஷம் ஒத்திகை பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி ஒவ்வொன்றும் நாக்கு நுனியில் தயார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. அது வேறு எனக்கு எரிச்சல்.

பஸ்ஸில் என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த டப்பா இல்லேன்னா நானே இல்லம்மா."

"பேசாம வாடா."

அதன்பின் மாமியார் எதையும் தட்டவில்லை. தர்பூசணியைக்கூடக் கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம்.

நேற்று கடைக்குப் போய்விட்டு மாமியாரும் நானும் மாடிப்படி ஏறினோம். கீழ்வீட்டுத் தையல்காரி வழக்கம்போலத் தலையை நீட்டினாள்.

"என்னக்கா, மருமகளுக்கு ஏதாவது விசேஷம் உண்டா?"

வழக்கமாக மாமியார், "எங்க, என் தலையெழுத்து" என்பார். நேற்று நின்று, மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அவளுக்கு ஒரு குறையும் இல்ல. நான்தான் ரெண்டு பேருக்கும் சேத்துச் சாப்பிட்டேன். பேரனுக்கு மிச்சம் வைக்கல."

தையல்காரி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

"பாத்து ஏறுங்க, அத்தை" என்றேன்.