ஒரே தடத்தில் நாலு லினக்ஸ்

பள்ளிக்கூடம் முழுக்க அவரை விசில் சார் என்றுதான் கூப்பிடும். இருபத்து நாலு வருஷமாக உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் ஒரு விசில், ஒரு ஸ்டாப்வாட்ச், இரண்டும் ஒரே கயிற்றில். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவார், அதுவும் மனைவி ஒரு சத்தம் போட்ட பிறகு. எதைப் பார்த்தாலும் நேரம் எடுக்காவிட்டால் கை பரபரக்கும். லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வர எத்தனை வினாடி, பால் பொங்க எத்தனை நிமிஷம் என்று எல்லாவற்றுக்கும் அவருடைய நீள நோட்டில் கணக்கு உண்டு. "நான் வெங்காயம் உரிச்சாக்கூட வாட்சை அமுக்கற மனுஷன்" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் தலையில் கம்ப்யூட்டர் அறை வந்து விழுந்தது. கம்ப்யூட்டர் டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். பன்னிரண்டு மெஷின்களும் கிழடு தட்டி, ஆன் செய்தால் பாதி வகுப்பு அதிலேயே கரைந்தது. டீச்சர் போகிற போக்கில் நாலு பென் டிரைவைக் கையில் திணித்திருந்தார். "நாலுலயும் நாலு வகை லினக்ஸ் இருக்கு சார், விண்டோஸுக்குப் பதிலா மெஷினை ஓட்டற இலவச சாஃப்ட்வேர். உபுண்டு, மின்ட், டெபியன், லுபுண்டு. பழைய மெஷினுக்கு எது வேகமா ஓடுதோ அதை எல்லாத்துலயும் போட்டுடுங்க. வேகம் பார்க்க உங்களை விட்டா யாரு?"

தலைமை ஆசிரியை கெடு வைத்துவிட்டார். "வெள்ளிக்கிழமை ரெண்டாவது பீரியட் வருவேன் சார். ஆன் பண்ணி ரெண்டு நிமிஷத்துல பிள்ளைங்க டைப் அடிக்கணும், பன்னண்டு மெஷின்லயும். இல்லன்னா எல்லாத்தையும் பழைய சாமானுக்குத் தள்ளிடலாம். ரூமை நீங்களே வச்சுக்குங்க. ஒன்பது வருஷமா கேக்கறீங்களே."

அங்கேதான் சிக்கல். விளையாட்டுச் சாமான் வைக்க அவருக்கு ஓர் அறை கிடையாது. மாடிப்படிக்கு அடியில் வைத்தால் மழைத்தண்ணீர் ஏறுகிறது. ஆகவே பந்துகள் வீட்டுப் பரணில், தாண்டி ஓடுகிற ஹர்டில்ஸ் சட்டங்கள் பால்கனியில், எட்டு ஈட்டிகள் கட்டிலுக்கு அடியில். ஈட்டி கட்டிலைவிட நீளம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளுக்கு டென்னிஸ் பந்தை ஓட்டை போட்டு மாட்டியிருந்தார். இருந்தும் மனைவியின் சுண்டுவிரல் வாரம் ஒரு முறை அதில் இடிக்கும்.

கம்ப்யூட்டர் தோற்றால் அவருக்கு லாபம். ஆனால் நடுவராக நின்று பழகிய மனுஷர். திங்கட்கிழமை முறையாகப் போட்டி நடத்தினார். வரிசையில் முதல் நாலு மெஷின், நாலு தடம். தடத்துக்கு ஒரு லினக்ஸ். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்கள். விசிலுக்கு முன்னால் ஒருத்தி அழுத்திவிட்டாள்.

"ஃபௌல்! எல்லாத்தையும் அணைங்க. முதல்லேருந்து!"

"கம்ப்யூட்டருக்குமா சார் ஃபௌல்?"

"கம்ப்யூட்டருக்கு இல்லம்மா. உன் விரலுக்கு."

முடிவு நோட்டில் ஏறியது. உபுண்டு 48 வினாடி. மின்ட் ஒன்று இருபது. டெபியன் ஒன்று முப்பத்தைந்து. லுபுண்டு இரண்டு நிமிஷத்தை ஒட்டிக் கடைசியாக நொண்டிக்கொண்டு வந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. செவ்வாயும் புதனும் மற்ற எட்டு மெஷின்களிலும் உபுண்டுவைப் போட்டு, ஒவ்வொன்றாக ஆன் செய்து பார்த்தார். மூன்றரை நிமிஷம். நாலு. ஒரு மெஷின் நாலேகால். வழியில் எட்டிப் பார்த்த தலைமை ஆசிரியை, "இதுதான் ஜெயிச்ச ஆளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புதன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து ஈட்டிகளை உருவிக்கொண்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். காலையில் ஃபோனில் அவர் புலம்பியதிலேயே அறை கைக்கு வந்த மாதிரிதான் என்று முடிவு கட்டியிருந்தாள்.

"நாளைக்கே கொண்டு போயிடுங்க. என் விரல் பிழைச்சுக்கும்."

"அதான் புரியல. திங்கக்கிழமை குதிரை மாதிரி ஓடினது, இன்னிக்கு ஏன் தவழுது?" என்று நோட்டை நீட்டினார்.

ஈட்டியைக் கையில் பிடித்தபடியே அவள் படித்தாள். "நாலையும் ஒரே மெஷின்லதானே போட்டுப் பாத்தீங்க?"

"ஒரே மெஷின்ல எப்படி? ரேஸ்னா நாலு பேரும் ஒண்ணா ஓடணும். தடத்துக்கு ஒருத்தர்."

"நல்லா இருக்கே! ரெண்டு டெஸ்ட் கிட்ல எது சரின்னு பாக்க, உங்க ரத்தத்தை ஒண்ணுலயும் என் ரத்தத்தை இன்னொண்ணுலயுமா போடுவேன்? ஒரே ரத்தத்தை ரெண்டுலயும் போட்டாத்தானே தெரியும்? நீங்க ஓடின ஆளைப் பாத்தீங்க. ஓடின தரையைப் பாத்தீங்களா?"

விசில் சார் ஃபோனை எடுத்தார். குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே கம்ப்யூட்டர் டீச்சரின் குரல் வந்தது. "முதல் மெஷினா? அது பெரிய மேடம் ரூம்ல இருந்தது சார். போன வருஷம் புது டிஸ்க், கூடுதல் மெமரி எல்லாம் போட்டோம். நாலாவதுதான் இருக்கறதுலயே நொண்டி. யாரும் சொல்லலையா?"

ஃபோனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு ஓடினவனுக்கு மெடல் கொடுத்திருக்கிறார். முள்ளுக் காட்டில் ஓடவிட்டவனைக் கடைசி என்று எழுதியிருக்கிறார். இருபத்து நாலு வருஷ அனுபவம்!

"நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா, ரூம் நமக்கு வந்திருக்கும்" என்றார்.

"தெரியும்." அவள் குனிந்து ஈட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "தப்பான ரிசல்ட்ல நான் கையெழுத்துப் போட்டதில்ல. எழுந்து முகத்தைக் கழுவுங்க. நாளைக்கு வேலை இருக்கு."

வியாழக்கிழமை நொண்டி மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அதே மெஷினில் நாலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். பந்தயம் முடிகிற கோடும் மாறியது. திங்கட்கிழமை மாதிரி திரை வந்ததும் வாட்சை நிறுத்தவில்லை, முதல் எழுத்தை அடித்த பிறகுதான். மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. உபுண்டு நாலரை நிமிஷம். மின்ட் மூன்று பத்து. டெபியன் இரண்டு நாற்பது. திங்கட்கிழமை கடைசியில் வந்த லுபுண்டு, ஒரு நிமிஷம் ஐம்பத்தாறு. நாலு பென் டிரைவிலும் அதையே ஏற்றி, நாலு நாலாக மூன்று தவணையில் போட்டு முடித்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியட். தலைமை ஆசிரியை தன் கைக்கடிகாரத்தோடு நின்றார். விசில் ஒலித்தது. முதல் மெஷின் அரை நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தது. மற்றவை ஒவ்வொன்றாக எழுந்தன. ஒன்றரை நிமிஷத்தில் பதினொன்று. நொண்டி மட்டும் கறுத்த திரையோடு யோசித்துக்கொண்டிருந்தது. விசில் சார் மைதானத்தில்கூட இப்படி ஒற்றைக் காலில் நின்றதில்லை. ஒன்று ஐம்பது. ஒன்று ஐம்பத்து நாலு. திங்கட்கிழமை விசிலுக்கு முந்திப் பொத்தானை அழுத்திய அதே பெண் ஓர் எழுத்தைத் தட்டினாள். திரையில் விழுந்தது.

"ஒண்ணு ஐம்பத்தேழு" என்றார் தலைமை ஆசிரியை. "சரி, ரூம் கம்ப்யூட்டருக்கே." பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். "சுவர் ஓரமா பன்னண்டு மேசை வரிசையா இருக்கே சார். அடியில காலியாத்தானே கிடக்கு? ஈட்டியை அங்க படுக்க வைங்களேன்."

சனிக்கிழமை எட்டு ஈட்டிகளும் ஆட்டோவில் பாதி உள்ளே பாதி வெளியே என்று ஊர்வலம் போயின. திரும்பி வந்தபோது மனைவி கட்டிலைச் சுற்றி வெறுங்காலோடு ஒரு நடை நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கும் இடிக்கவில்லை. அவர் கை தானாக ஸ்டாப்வாட்சுக்குப் போனது.

"அமுக்கினா உடைச்சிடுவேன்" என்றாள். பால்கனிக் கதவைத் திறந்து, அடுக்கியிருந்த ஹர்டில்ஸைக் காட்டினாள். "இதுக்கு எந்த லினக்ஸ் போடணும்னு உங்க டீச்சரைக் கேட்டுச் சொல்லுங்க."