பனியில் போட்ட பஞ்சு

ஞானத்தாய் வாத்தியாரம்மா சென்ற புதன்கிழமை காலை இறந்துபோனார். ஊரெல்லாம் அடித்துக்கொண்டு போகும் இந்த விஷக் காய்ச்சல்தான். மூன்று நாள் படுக்கை, அவ்வளவே. செய்தியை என் பஞ்சுக் கிட்டங்கிக்குக் கொண்டுவந்தவர் தரகர் சுடலைமுத்து. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணாச்சி, ஒம்ம விரோதி போயிட்டாவ வே" என்றார்.

"எந்த விரோதி? பேரைச் சொல்லும்" என்றேன். எனக்கு நாலைந்து பேர் உண்டு.

பேரைச் சொன்னார். கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, முகம் கழுவிச் சட்டையை மாற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன்.

அங்கே பேசியவர்கள் எல்லோரும் அவரைச் சாந்த சொரூபி என்றார்கள். பூவினும் மெல்லியவர் என்றார் ஒருவர். அவரை அறிந்தவர்களே, இது நம் பள்ளிக்கூடப் பத்திரிகை, நமக்குள் பேசிக்கொள்வது. ஆகவே உள்ளதைச் சொல்லுகிறேன். ஞானத்தாய் சாந்தமானவர் அல்ல. பிடிவாதக்காரர். எதிரே நிற்பவன் யார், அவன் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் குரலைத் தாழ்த்தத் தெரியாதவர். அவர் வகுப்பை மூடவேண்டும் என்று ஒரு மனு தயாரானது உங்களுக்கு மறந்திருக்கலாம். அதில் பதினோரு கையெழுத்து. அந்தப் பதினொருவரில் மூன்று பேர் அன்றைக்குக் கல்லறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் மற்றவர்களை மட்டும் சொல்லவில்லை. மனுவை எழுதினவனே நான்தான்.

திசையன்விளையிலிருந்து கருப்பட்டிச் சிப்பத்தைத் தலையில் சுமந்துவந்து விற்றவன் நான். கூட்டல் கழித்தல் தெரியாமல் எத்தனை பேரிடம் ஏமாந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். என் மகள் பாக்கியம் ஏமாறக்கூடாது என்று ஐந்து வயதில் பள்ளியில் சேர்த்தேன். அப்போதுதான் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு புது வகுப்பு திறந்திருந்தார்கள். கிண்டர்கார்டன் என்று பேர். அதைச் சுடலைமுத்துவிடம் சொன்னபோது, "கருங்கண்ணி தெரியும், உப்பம் தெரியும். கிண்டர் காட்டன் எந்த ஊர் ரகம் அண்ணாச்சி? நூல் நல்லா இழுக்குமா?" என்று கேட்டார். பஞ்சுக்காரன் காதில் அது அப்படித்தான் விழும். விளங்கினபின் அவரே, "அப்போ காட்டன் இல்ல வே, கிண்டல்தான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பாக்கியம் வீட்டுக்கு வந்து மரக்கட்டைகளை அடுக்கினாள், காகிதம் மடித்தாள், தவளை மாதிரி குதித்தாள். ஆனா ஆவன்னா கேட்டால் விழித்தாள்.

மார்கழி பிறக்கும் சமயம், வகுப்புக்குப் பஞ்சு வேண்டும் என்று அந்த வகுப்பை நடத்தின ஞானத்தாயிடமிருந்து சீட்டு வந்தது. எதற்கென்று கேளாமல், கிட்டங்கித் தரையில் கூட்டின பஞ்சை ஒரு சாக்கில் அள்ளி அனுப்பினேன். மறுநாள் பாக்கியம் கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம் வந்தது. உள்ளே பருத்திக் கொட்டை, சருகு, மண். கூட ஒரு சீட்டு: "பனியில் மண் இருக்காது அண்ணாச்சி. பிள்ளைகள் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தது. உங்களுடையது, உங்களுக்கே."

கோபத்தோடு பள்ளிக்கூடம் போனேன். போன இடத்தில் கண்டதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஜன்னல்களில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தார். பிள்ளைகள் தலையோடு கம்பளி போர்த்தியிருந்தார்கள். வெடியுப்பைக் கரைத்த தண்ணீரில் ஒரு செம்பை நிறுத்தியிருந்தார்; ஒவ்வொரு பிள்ளையும் வந்து அதைத் தொட்டு, சில்லென்றதும் கையை உதறிக்கொண்டு ஓடியது. தரை முழுதும் என் பஞ்சு. அதன்மேல் ஒரு பிள்ளை, கால்தடம் மாதிரி, நாலு விரலைப் பதித்து எடுக்கும். மற்றவை, "கோழி", "இல்ல, காக்கா" என்று கத்தும். ஆறு முனை வரும்படி காகிதத்தை மடித்து வெட்டி நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தூரதேசத்தில் பனி அந்த உருவத்தில்தான் விழுமாம்.

"அம்மா, நம்ம ஊர்ல பனின்னா புல்லு நுனியில நிக்கித ஈரம். இந்தக் கூத்தை நீங்க எங்க பாத்திய?" என்றேன்.

"பாக்கல அண்ணாச்சி. நான் நாகர்கோவிலத் தாண்டிப் போனதில்ல."

"பாக்காததையா பிள்ளையளுக்குச் சொல்லித் தாறிய?"

"மோட்சத்தை நீங்க பாத்திருக்கியளோ? ஞாயித்துக்கிழமை முன் வரிசையில உக்காந்து அதைப்பத்திச் சத்தமாப் பாடுதியளே."

பிள்ளைகளுக்கு விளங்கியிராது. ஆனால் சிரித்தன. நான் வெளியே வந்துவிட்டேன். விரோதம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

அது முற்றியது டில்லியில் தர்பார் நடந்த அந்த மாதத்தில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன். பிள்ளைகள் கற்றதைக் காட்டப் பெற்றோரை அழைத்திருந்தார். தூத்துக்குடி கம்பெனி ஒன்றுக்குப் பஞ்சு எடுக்கும் செல்லையா அண்ணாச்சியும் வந்திருந்தார். அவர் மகனும் அதே வகுப்பு. என் சரக்கு முழுதும் அவர் கைக்குத்தான் போகவேண்டும். நான் அவர் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

வாத்தியாரம்மா பனியைப்பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியில், "பனி விழுந்தா யாருக்கு என்ன நல்லது?" என்றார்.

செல்லையா மகன் எழுந்து, "பயறுக்கு நல்லது. பனியிலதான் காய்க்கும்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

என் மகள் கை தூக்கினாள். "பஞ்சுக்கு நல்லது. எங்க அப்பா முத்தத்துல பஞ்ச விரிச்சுப் போடுவாவ. அது பனியக் குடிச்சுக் கனமா ஆயிரும். காலைல அள்ளிக் கட்டினா தராசுல நல்லா உக்காரும்."

சபை சிரித்தது. செல்லையா சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, ஒம்ம மவ கெட்டிக்காரி வே" என்று பைய என் காதில் சொன்னார்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். விலை ஏறட்டும் என்று தை வரை நிறுத்திவைக்கும் பஞ்சு வெயிலில் காய்ந்து எடை இழக்கும். வெயில் எடுத்ததைப் பனியிடம் திரும்ப வாங்குகிறோம் என்பதுதான் எங்கள் பேச்சு. நான் மட்டுமல்ல, பலரும் செய்தார்கள். வாங்குகிறவனுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் தெரிவது வேறு, ஐம்பது பேர் நடுவே ஒரு குழந்தை வாயிலிருந்து கேட்பது வேறு. விடுமுறை முடிந்த மறுவாரம் செல்லையா என் பொதிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். சரக்கு அத்தனையும் திரும்பி வந்தது.

நான் பள்ளிக்கூட வாசலில் நின்று சத்தம் போட்டேன். "எழுத்துச் சொல்லிக் குடுங்கன்னு பிள்ளைய அனுப்பினா, வீட்டுக் கதையக் கிளறுதியளா?"

"நான் கிளறல. பனி விழுததைக் கேட்டேன். அது உங்க முத்தத்துல விழுந்திருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?"

"பிள்ளைக்கு எதைச் சொல்லணும், எதைச் சொல்லக்கூடாதுன்னு படிச்சுக் குடுக்க வேண்டாமா?"

"அந்தப் பாடம் என் வகுப்புல கிடையாது. வேணும்னா வீட்டுல நடத்துங்க."

அன்றே பாக்கியத்தை நிறுத்தினேன். மனுவை எழுதினேன். விளையாட்டு வகுப்பால் பிள்ளைகள் கெடுகிறார்கள், கம்பளி போர்த்திக் கூத்தாடுகிறார்கள், அதை மூடி அந்தப் பணத்துக்குக் கணக்கு வாத்தியார் ஒருவரைப் போடவேண்டும் என்று. கையெழுத்துச் சுளுவாகக் கிடைத்தது. பள்ளிக்கூடக் கமிட்டி ஒத்துக்கொண்டால் வகுப்பு போய்விடும்; அவரை ஏரல் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அதுவே என் எண்ணம்.

எட்டாம் நாள் மத்தியானம் அவர் கிட்டங்கிக்கு வந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மூலையில் பாக்கியம் உதிரிப் பஞ்சில் கையை ஊன்றி எடுத்து, "இது கரடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்தார். பக்கத்திலிருந்த பொதிக்குள் கையை விட்டார்.

"இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்றார்.

"அதைச் சொல்லவா வந்திய?"

"மனுவப்பத்திப் பேச வந்தேன். கமிட்டியில காரணம் கேப்பாவ. விளையாடுதாவ, கெட்டுப்போறாவன்னு எழுதினாப் போதாது. எந்தப் பிள்ளை கெட்டுது, எப்படிக் கெட்டுதுன்னு கேப்பாவ. அப்போ நீங்க பாக்கியம் சொன்னதை எழுதணும். எழுதுங்க. இப்ப அது அந்த ஹாலோட நிக்குது. எழுத்துல ஏறிட்டா கமிட்டிப் புஸ்தகத்துல இருக்கும். உங்க காலத்துக்குப் பிறகும் இருக்கும்."

முப்பது வருஷம் பேரம் பேசினவன் நான். எதிராளி எங்கே இடறுவான் என்று பார்த்து, அங்கே மட்டும் விரலை வைப்பது எங்கள் தொழில். ஒரு சின்னப்பிள்ளை வாத்தியாரம்மா என் கிட்டங்கியிலேயே நின்று அதை என்னிடம் செய்தார்.

"பயமுறுத்துதியளோ?"

"வியாபாரம் பேசுதேன். உங்களுக்கு வேற பாஷை தெரியாதே."

நான் ஒன்று கேட்டேன். அந்தப் பனி விளையாட்டை விட்டுவிடவேண்டும். முடியாது என்றார். "அண்ணாச்சி, ஆனா ஆவன்னாவ எவனும் சொல்லிக் குடுத்துருவான். இல்லாததை மனசுல வச்சுப் பாக்கது அஞ்சு வயசுல வரலைன்னா பிறகு வராது. நீங்க சிப்பம் சுமந்துட்டு வாற வழியில இந்தக் கிட்டங்கிய மனசுல பாத்தியளா இல்லையா?"

பார்த்திருந்தேன். அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குமேல் பேச்சு நீளவில்லை; ஒரு முடிவுக்கு வந்தோம். மனு கமிட்டிக்குப் போகவில்லை.

அதன்பின் நாங்கள் சிநேகமாகிவிட்டோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் அவர் ஒரு பக்கம் போவார், நான் ஒரு பக்கம் போவேன். முற்றத்தில் பஞ்சு போடுவதை அன்றோடு நிறுத்தினேன் என்றும் சொல்லமாட்டேன். அடுத்த வருஷமும் போட்டேன்; அப்போதும் ஒருமுறை அவரிடம் அகப்பட்டேன். அதற்குப்பின் விட்டுவிட்டேன். செல்லையாவுக்குப் பயந்து பாதி, இந்த அம்மாளுக்குப் பயந்து பாதி. ஐந்து வயதுப் பிள்ளைகள் முன்னால் ஒரு வியாபாரியை நிறுத்திவைத்தவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி அவரும் கேட்டதில்லை.

இப்போது கமிட்டியில் மறுபடியும் பேச்சு கிளம்பியிருப்பதாகக் கேள்வி. ஞானத்தாய் போய்விட்டார், வகுப்பை மூடிவிட்டு அவர் பேரில் ஒரு கல் நாட்டலாம் என்று. மனு எழுத இந்தத் தடவை என்னிடம் வரவேண்டாம். கல்லுக்கும் என்னிடம் வரவேண்டாம். அவரிடமிருந்து என் கையில் இருப்பது ஓர் ஒப்பந்தம் மட்டும். ஒரு தரப்பு செத்துப்போனதால் அது முடிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்துக்கு வரப்போகிற வாத்தியாரம்மா அறிய, அன்று பேசி முடித்ததை எழுதிவைக்கிறேன்.

பெற்றோர் வரும் நாளில் பாக்கியத்திடம் கேள்வி கேட்கக்கூடாது என்பது ஒன்றே நான் வைத்தது. அவள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டபடியால் அது தீர்ந்துபோயிற்று. மற்றவை அவர் வைத்தவை, அவை நிற்கின்றன. வருஷந்தோறும் மார்கழி முதல் வாரம் ஒரு சாக்குப் பஞ்சு, கொட்டை நீக்கி, வெயிலில் உலர்த்தி, வகுப்பு வாசலில் இறக்கவேண்டும். அதற்கு விலை இல்லை. பிள்ளைகள் பார்த்திருக்க, வாத்தியாரம்மா முழங்கை வரை கையை விட்டுச் சோதிக்கலாம். ஈரம் இருந்தால், அதே வண்டியில், கடைத்தெரு வழியாக, பட்டப்பகலில் திருப்பி அனுப்பலாம்.