பன்றி பிக், பெரிய பிக்

சோதனை நாளன்று வகுப்பில் இருந்தவர்கள்: நாலாம் வகுப்புப் பையன்கள் பதினான்கு பேர், தலைமையாசிரியர், புதிதாக மாற்றலாகி வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், இங்கிலீஷ் வாத்தியாரான நான். வராதவன் தாசன் ஒருவன்தான். இங்கிலீஷில் கெட்டிக்காரன் அவனே. அக்காள் கல்யாணம் என்று களக்காட்டுக்குப் போய்விட்டான்.

முந்தைய வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது நான் வேலையில் சேரவில்லை. சோதனைக்கு வந்த வெள்ளைக்கார துரை தலைமையாசிரியரைக் காட்டி, இவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு பையனிடம் இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். பெரிய மனுஷர் என்று சொல்ல நினைத்த பையன் பன்றி மனுஷர் என்று சொல்லிவிட்டான். அடுத்த சோதனைக்குள் உச்சரிப்புத் திருந்தாவிட்டால் இங்கிலீஷ் வகுப்பை மூடிவிட வேண்டும் என்று துரை எழுதி வைத்துவிட்டுப் போனார். வகுப்பு போனால் என் வேலையும் போகும்.

பையன்மேல் குற்றமில்லை. நம் எழுத்தில் எழுதினால் பன்றியும் பிக், பெரியதும் பிக். முன்னதில் உதட்டிலிருந்து காற்று வெடிக்க வேண்டும். பின்னதில் வெடிக்கக் கூடாது. இரண்டு மாதம் தொண்டை வற்றக் கத்தினேன். ஒருவன் காதிலும் ஏறவில்லை.

என் அப்பா பேட்டையில் இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பன்றி பிக், பெரிய பிக் என்று இந்தச் சொற்களையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, ஒம் பன்னிப் பேச்ச அங்கன போயிப் பேசு. பஞ்செல்லாம் பறக்குது."

பார்த்தேன். பன்றி பிக் சொன்னால் பறந்தது. பெரிய பிக் சொன்னால் ஓரிழைகூட அசையவில்லை.

மறுநாள் ஒரு பை நிறையப் பஞ்சுடன் போனேன்.

"என்ன வே செய்யுதீரு?" என்றார் தலைமையாசிரியர். "மெத்த தைக்கவா பள்ளிக்கூடம் நடத்துதோம்?"

ஆளுக்கொரு சிட்டிகைப் பஞ்சைச் சிலேட்டில் வைத்து, வாய்க்கு நேரே ஏந்தச் சொன்னேன். பறந்தால் பன்றி, கிடந்தால் பெரியது. சொல்லப் பழகியதும் கேட்கப் பழக்கினேன். சுவரைப் பார்த்து நிற்பார்கள்; நான் பின்னாலிருந்து சொல்வேன். பன்றி என்றால் உறுமவேண்டும், பெரியது என்றால் கையை விரிக்கவேண்டும். ஒரே மாதத்தில் தவறு நின்றது.

சோதனை நாளுக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர் நம் ஊர்ப் பக்கத்துத் தமிழர். பஞ்சையும் உறுமலையும் பற்றி நான் விளக்கியதைக் கேட்டுக்கொண்டார். "துரை எழுதினத வாசிச்சேன். பஞ்ச எடுத்து ஓரமா வையும். நானே சொல்லுதேன்" என்றார்.

பையன்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள். முதல் சொல்: உறுமினார்கள். இரண்டாவது: உறுமினார்கள். இரண்டும் சரி. மூன்றாவதற்கும் பதினான்கு பேரும் சேர்ந்து உறுமினார்கள்.

"தப்பு. நான் பெருசுன்னுல்லா சொன்னேன்!"

சுடலைமுத்து என்ற பையன் திரும்பினான்.

"இல்லய்யா. ஒங்க வாயில பன்னிதான் வந்துது."

"ஏலே, வாய மூடுலே!" என்று தலைமையாசிரியர் பாய்ந்தார். அதற்குள் சுடலைமுத்து சிலேட்டில் பஞ்சை வைத்து இன்ஸ்பெக்டரின் வாய்க்கு நேரே நீட்டிவிட்டான். "நீங்களே சொல்லிப் பாருங்கய்யா."

இன்ஸ்பெக்டர் முறைத்தார். பிறகு பெரியதைச் சொன்னார். பஞ்சு அவர் மீசையில் போய் ஒட்டியது. மறுபடி சொன்னார், மறுபடியும் பறந்தது. மூன்றாம் தடவை உதட்டை அடக்கிச் சொன்னார். பஞ்சு கிடந்த இடத்திலேயே கிடந்தது. மற்றப் பதின்மூன்று பேரும் கையை அகல விரித்தார்கள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பி.ஏ. படிச்சு என்ன வே புண்ணியம்? இன்னைக்குத்தான் எனக்கு வாய் திருந்திருக்கு. ஒம்ம வகுப்ப எவனும் மூடமாட்டான்" என்று சொல்லி அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிற வாத்தியார்களுக்கு நான் சொல்வது இதுதான்: காதுக்குப் பிடிபடாததைக் கண்ணுக்குக் காட்டுங்கள். பிறகு பையன் உங்களையே திருத்தினால் கோபிக்காதீர்கள். பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

பஞ்சு அப்பா இனாமாகக் கொடுத்தது. வகுப்பு நிலைத்தது என்று கேட்டதும் பையன்கள் குதித்த குதியில் இரண்டு சிலேட்டுகள் விழுந்து நொறுங்கின. ஆக மொத்தம் எங்களுக்கு ஆன செலவு மூன்றணா.